சாராயத்துல சீனி இல்லத்தான், பிறகு வெயிட் ஏன் இறங்குதில்ல?

தம்பி, நீங்க கேட்டதை ரெண்டு தரம் வாசிச்சன். 31 வயசு, 5 அடி 7, 84 கிலோ. மட்டக்களப்புக் கல்லடியில ஜிம்முக்குப் போகத் தொடங்கி 5 மாசம். திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் சோத்தைக் குறைச்சு, சீனி போடாத டீ குடிச்சு, பின்னேரம் ஒரு மணித்தியாலம் ஒழுங்கா ட்ரெயினிங். சனிக்கிழமை மட்டும் கால் ட்ரெயினிங் முடிச்ச கையோட கூட்டாளிமாரோட இருந்து போடுறது. வெயிட் 82க்கு இறங்கி மறுகா 84லயே வந்து நிக்குது. ஜிம்முல ஒருத்தர் பியர்தான் வயித்து வண்டி வைக்கும், சாராயத்துல சீனியே இல்ல, அதுக்கு மாறுங்க எண்டு சொல்ல, நீங்களும் ரெண்டு மாசமா மாறிப் பாத்தாச்சு, ஒரு மாற்றமும் இல்ல. ஞாயிறு வெள்ளன ஓடி வேர்க்க விட்டா சரி வருமா எண்டும், புரோட்டீன் பவுடர் எடுத்தா மசிலாவது தப்புமா எண்டும் கேட்டிருக்கிறீங்க.

ஒவ்வொண்டா சொல்றன், நீளமா வரும், ஆறுதலா இருந்து வாசிங்க. நான் டொக்டர் இல்ல. 14 வருஷமா ஆக்களுக்கு ட்ரெயினிங் குடுக்கிறன், இது சம்பந்தமா படிக்க வேண்டியதைப் படிச்சிருக்கன். அதுக்கு முதல் வெபர் மைதானத்துல ஃபுட்போல் விளையாடின காலத்துல நானும் சனிக்கிழமை சனிக்கிழமை போட்டவன். நல்லா ஓடக்கூடிய வயசுல நாலஞ்சு வருஷத்தை அப்பிடியே விட்டிட்டன் எண்ட கவலை இண்டைக்கும் எனக்கு இருக்கு, அதாலதான் உங்களுக்கு இவ்வளவு எழுதுறன்.

முதல்ல அந்த சீனிக் கதையை எடுப்பம். சாராயத்துல சீனி இல்ல எண்டது உண்மைதான், காய்ச்சி வடிச்சா சீனி வராது. ஆனா கலோரி சீனியில மட்டுமா இருக்கு? ஒரு கிராம் மாச்சத்துல 4 கலோரி, புரதத்துலயும் 4, கொழுப்புல 9, மதுசாரத்துல 7. கொழுப்புக்கு அடுத்தபடியா அதுதான் நிக்குது, மாச்சத்தை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. சாராயப் போத்தல்ட லேபிளைப் பாருங்க, சாதாரண சாராயம் 33.5 வீதம் எண்டு போட்டிருக்கும். நீங்க ரெண்டு பேருக்கு ஒரு போத்தல் எண்டு சொன்னீங்க, அப்ப ஒருத்தருக்கு 375 மில்லி. அதுல 33.5 வீதம் எண்டா 125 மில்லி சுத்தமான மதுசாரம், மதுசாரம் தண்ணிய விட பாரம் குறைவு, ஒரு மில்லி 0.79 கிராம்தான், அதால பெருக்கினா 99 கிராம் வருது. 7ஆல பெருக்குங்க. 690 கலோரி. அதுக்கு கோலா கலந்தா, 100 மில்லியில 10 கிராம் சீனி இருக்கிற சாமான் அரை லீட்டர் உள்ள போனா இன்னும் 200. கடைப் போத்தல்லயே சீனிக்கு சிவப்பு, மஞ்சள், பச்சை எண்டு வட்டம் போட்டிருக்கிறாங்க 2016ல இருந்து, அதைப் பாக்காமலே நாம கிளாஸ்ல ஊத்துறம்.

பியரை மட்டும் குற்றம் சொல்றதும் சரியில்ல. சாதாரண லாகர் 4.8 வீதம், 625 மில்லிப் போத்தல் ஒண்டுல 24 கிராம் மதுசாரம், அதோட இருக்கிற மாச்சத்தையும் சேத்தா 240 கலோரி மட்டுல வரும். பிரச்சினை ஸ்ட்ரோங் பியர்ல இருக்கு. 8.8 வீதத்துல 500 மில்லி டின் ஒண்டு எண்டா 35 கிராம் மதுசாரம், அது சாராயத்துல 60 மில்லி ஷொட் ரெண்டை விடவும் கூட. "நான் பியர் மட்டும்தான்" எண்டு சொல்லிக்கொண்டு நாலு டின் உடைக்கிறவர் உங்கட அரைப் போத்தல் சாராயத்தை விடக் கூடத்தான் குடிக்கிறார். ஆக, எதுல இருந்து எதுக்கு மாறினீங்க எண்டது பெரிய விஷயம் இல்ல தம்பி, மொத்தமா எத்தினை கிராம் மதுசாரம் உள்ள போனது எண்டதைத்தான் பாக்கணும்.

அந்த அளவைக்கூட நம்மட ஆக்கள் சரியாப் பிடிக்கிறல்ல. போன வருஷம் என்னட்ட ட்ரெயினிங் எடுக்கிற ஒரு அண்ணன்ட வீட்டுக்குப் போயிருந்தன். "நான் மூண்டு ஷொட்தான், அதுக்கு மேல போறல்ல" எண்டு எப்பவும் சொல்றவர், பொய் சொல்ற மனுஷன் இல்ல. அவர் வழமையா பாவிக்கிற கிளாசை எடுத்துவரச் சொல்லி, வெறும் சாராயப் போத்தல் ஒண்டுக்குள்ள தண்ணிய நிரப்பிக் குடுத்து, எப்பிடி ஊத்துவீங்களோ அப்பிடியே ஊத்துங்க எண்டன். ஊத்தினார். அதை சின்னப் பிள்ளையளுக்கு பாணி மருந்து குடுக்கிற 10 மில்லிக் கப்பால ஒவ்வொண்டா அள்ளி அள்ளி அளந்தம், அவர்ட மகள் பக்கத்துல இருந்து எண்ணினா. ஆறோட முடியும் எண்டு நினைச்சிருந்தார். ஏழு, எட்டு, ஒம்பது, அப்பவும் கிளாஸ்ட அடியில கொஞ்சம் நிண்டுச்சு. 60 எண்டு நினைச்சு ஊத்தினது 90க்கு மேல, அப்ப மூண்டு ஷொட் எண்டது நாலரை ஷொட். அவர் கனநேரம் ஒண்டும் கதைக்கல்ல. நீங்களும் இந்த வேலையை ஒருக்கா வீட்டுல தண்ணியால செய்து பாருங்க, அஞ்சு நிமிஷம் காணும்.

சரி, இப்ப முக்கியமான இடத்துக்கு வாறன். கன பேர் நினைக்கிறது குடிச்ச சாராயம் அப்பிடியே கொழுப்பா மாறி வயித்துல ஒட்டுது எண்டு. அப்பிடி நடக்கிறது மிச்சம் குறைவு. சாப்பிட்ட மாச்சத்தை தசையிலயும் ஈரல்லயும் சேத்து வைக்க உடம்புக்கு இடம் இருக்கு, கொழுப்பை வைக்கிறதுக்கு சொல்லவே தேவையில்ல, எவ்வளவு வந்தாலும் இடம் இருக்கு. மதுசாரத்துக்கு மட்டும் இடம் இல்ல. அது உடம்புக்கு நஞ்சு, உள்ள வந்தா வச்சிருக்க ஏலாது, உடனே எரிச்சு முடிக்கணும். ஈரல் அதை முதல்ல அசெட்டல்டிஹைட் எண்ட சாமானா மாத்துது (அடுத்த நாள் தலையிடி, ஓங்காளம் எல்லாத்துலயும் அதுக்குப் பங்கு இருக்கு), மறுகா அதை அசெட்டேட்டா மாத்துது. அந்த அசெட்டேட் ரத்தத்துல கலந்து உடம்பு முழுக்கப் போக, தசையெல்லாம் அதை எரிபொருளாப் பாவிக்கத் தொடங்கும். அது முடியுற வரைக்கும் கொழுப்பை எரிக்கிற வேலை ஒதுங்கி நிக்கும்.

பழைய கல்லடிப் பாலம் உங்களுக்கு நினைவிருக்கும்தானே, 2013ல புதுப்பாலம் திறக்கிறதுக்கு முதல். ஒரு பக்கத்தால வாகனம் வந்துகொண்டிருந்தா மற்றப் பக்கம் நிக்கிறவங்க எஞ்சினை நிப்பாட்டிட்டு ஆத்தைப் பாத்துக்கொண்டு நிக்கத்தான் வேணும். உங்கட உடம்புல சனிக்கிழமை ராவு நடக்கிறது அதுதான். மதுசாரம் பாலத்துல ஏறிட்டுது, கொழுப்பு இந்தப் பக்கம் வரிசையில நிக்குது, பின்னால கொத்து ரொட்டியும் டெவல்ட் கோழியும் வந்து வரிசை நீளுது. இப்பிடி நிண்ட கொழுப்பு எங்க போகும்? வண்டிக்குத்தான் போகும்.

இது சும்மா கதை இல்ல. 1999ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு செய்தாங்க, 8 ஆம்பிளையளுக்கு வெறும் 24 கிராம் மதுசாரம் குடுத்தாங்க, நம்மட கணக்குல ஒண்டரை ஷொட். அடுத்த சில மணித்தியாலத்துக்கு உடம்பு கொழுப்பு எரிக்கிற அளவு 73 வீதம் விழுந்திட்டுது. அதே ஆய்வுல, குடிச்ச மதுசாரத்துல கொழுப்பா மாறினது 5 வீதத்துக்கும் குறைவு. ரெண்டையும் சேத்துப் பாத்தா விளங்கும், குடிச்சது கொழுப்பாகல்ல, குடிச்சதால சாப்பிட்டது எரியாம நிண்டுச்சு. 1992ல இன்னொரு ஆய்வு, அது 24 மணித்தியாலத்துக்கும் ஆக்களை ஒரு அறைக்குள்ள வச்சு அளந்தது, நாள் முழுக்கப் பாத்தாலும் கொழுப்பு எரியிறது மூண்டிலொரு பங்கு குறைஞ்சிருந்திச்சு. உங்களுக்கு சனிக்கிழமை ராவு 99 கிராம்.

அப்ப அந்த நேரத்துல என்ன சாப்பிடுறீங்க எண்டது எவ்வளவு முக்கியம் எண்டு இப்ப தெரியுதா. இங்கதான் பைட்ஸ், குடியோட கொறிக்கிற சாமான், வருது. குடிக்கேக்க யாரும் வல்லாரைச் சம்பலும் அவிச்ச மரக்கறியும் வச்சுக்கொண்டு இருக்கிறல்ல, கச்சான், மிக்சர், கோழி டெவல்ட், பொரிச்ச கணவாய், றால் வடை, எல்லாம் எண்ணெயில குளிச்ச சாமான். அதுக்குக் காரணம் வெறும் வாய்ருசி மட்டும் இல்ல. மதுசாரம் மூளையில பசியைத் தூண்டுற நரம்புகளையே எழுப்பிவிடுது எண்டு 2017ல எலியில செய்த ஆய்வொண்டுல காட்டினாங்க, அதாவது வயிறு நிறைஞ்சிருந்தாலும் மூளை பட்டினி கிடக்கிற மாதிரி நடந்துகொள்ளும். அதோட கட்டுப்பாடும் போயிடும், திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் ஒரு கரண்டி சோத்தைக் கூடப் போடாத ஆள் சாமம் 11 மணிக்கு முழுக் கொத்து ஒண்டை முடிச்சிட்டு கூட்டாளிட பார்சல்லயும் கை வைப்பார்.

உங்கட சனிக்கிழமையைக் கணக்குப் போட்டுப் பாத்தன், நீங்க எழுதினதை வச்சுத்தான், சுமாரான கணக்கு. சாராயம் 690, கோலா 200, கச்சான் 50 கிராம் 280, டெவல்ட் 400, கடைசியில கோழிக் கொத்து குறைஞ்சது 900. மொத்தம் 2470. வழமையா நீங்க சாப்பிடுற ராச்சாப்பாடு 600ஐக் கழிச்சாலும் 1800க்குக் கிட்ட மேலதிகமா நிக்குது. இப்ப மற்றப் பக்கம், கிழமை நாள்ல சோத்தைக் குறைச்சு ஜிம்மும் செய்து நீங்க ஒரு நாளைக்கு மிச்சம் பிடிக்கிறது 350 கலோரி எண்டு வைங்க, அஞ்சு நாளைக்கு 1750. எழுதி வச்சுப் பாருங்க. அஞ்சு நாள் பட்ட பாடு நாலு மணித்தியாலத்துல சரிக்குச் சரி. 84 ஏன் 84லயே நிக்குது எண்டதுக்கு இதுக்கு மேல விளக்கம் தேவைப்படாது. உங்கட உடம்புல பிழை ஒண்டும் இல்ல, தைரொயிட் செக் பண்ணணுமா எண்டு கேட்டிருந்தீங்க, விருப்பம் எண்டா செய்யுங்க, ஆனா முதல்ல இதைப் பாருங்க.

இன்னொண்டு, "ராவைக்குக் குடிக்கப் போறம்தானே" எண்டு மத்தியானம் சாப்பிடாம இடம் ஒதுக்கிற பழக்கம் நம்மட பொடியன்மாரிட்ட இருக்கு. தயவுசெய்து அதைச் செய்யாதீங்க. வெறும் வயித்துல போனா மதுசாரம் விறுவிறு எண்டு ரத்தத்துல ஏறும், மறுகா பசியும் வெறியும் ஒண்டாச் சேந்து, விட்ட மத்தியானச் சாப்பாட்டை விட ரெண்டு மடங்கு ராவைக்குப் போகும்.

இப்ப மசில். வெயிட்டை விட எனக்குக் கவலை இதுதான், ஏனெண்டா நீங்க சனிக்கிழமை பின்னேரம் கால் ட்ரெயினிங் செய்திட்டு அப்பிடியே போய் இருக்கிறீங்க எண்டு எழுதியிருக்கிறீங்க. பாரம் தூக்கினாப் பிறகு தசையில உடைஞ்சதைத் திருத்தி, கூடக் கட்டுற வேலை ஒரு நாள் ஒண்டரை நாளுக்கு நடக்கும். நீங்க ஜிம்முல படுற பாட்டுக்குக் கூலி கிடைக்கிறது அந்த நேரத்துலதான். 2014ல அவுஸ்திரேலியாவுல செய்த ஆய்வுல, நல்லா ட்ரெயினிங் செய்ய வச்சிட்டு, கிலோவுக்கு 1.5 கிராம் கணக்குல மதுசாரம் குடுத்தாங்க. உங்கட 84 கிலோவுக்கு அது 126 கிராம், நீங்க குடிக்கிறதை விடக் கொஞ்சம் கூட, கனக்க தூரம் இல்ல. புரோட்டீனும் மதுசாரமும் சேத்து எடுத்தவங்களுக்கு தசை கட்டுற வேகம், புரோட்டீன் மட்டும் எடுத்தவங்களை விட 24 வீதம் குறைவு. புரோட்டீன் இல்லாம மாச்சத்தோட மதுசாரம் எடுத்தவங்களுக்கு 37 வீதம் குறைவு. அதாவது புரோட்டீன் பவுடர் கொஞ்சம் தாங்கிப் பிடிக்குது, காப்பாத்தேல்ல. நியூசிலாந்துலயும் பாத்திருக்கிறாங்க, கடுமையான ட்ரெயினிங்குக்குப் பிறகு கிலோவுக்கு 1 கிராம் குடிச்சவங்களுக்கு அடுத்த நாள்கள்ல கால்ட பலம் குடிக்காததை விடக் கூடுதலாக் குறைஞ்சு போச்சு, அரைக் கிராம் அளவுல அப்பிடித் தெரியல்ல. அளவு அவ்வளவு முக்கியம்.

நித்திரையும் போகுது. குடிச்சா நல்லா நித்திரை வரும் எண்டு சொல்றவங்களுக்கு, வரும்தான், ஆனா அந்த நித்திரை பாதி ராவோட முடியும். ரெண்டு மூண்டு மணிக்குப் பிறகு மதுசாரம் இறங்க இறங்க நித்திரை துண்டு துண்டா உடையும், வாய் காஞ்சு எழும்புறது, ஒண்டுக்குப் போக எழும்புறது, குறட்டை வேற. சிறுநீரைப் பிடிச்சு வைக்கிற ஹோர்மோனை மதுசாரம் அமத்திவிடும், அதாலதான் குடிச்சதை விடக் கூட வெளியால போற மாதிரி இருக்கும். ஃபுட்போல் விளையாடின காலத்துல எங்கட கோச் எங்களுக்கு ஒரு வேலை குடுத்தார், விடிய எழும்பினோடன கட்டில்ல இருந்தே நாடி பிடிச்சு ஒரு நிமிஷத்துக்கு எண்ணி கொப்பியில எழுதணும். அந்த 40 பக்கக் கொப்பி இப்பவும் என்னட்ட இருக்கு. கிழமை நாள்ல 56, 58, 57 எண்டு நீல மையில வரிசையா நிக்கும், ஞாயிறு எண்டா 71, 74, ஒரு நாள் 78. திங்கள் 64. செவ்வாய்தான் திரும்ப 58. அப்ப அதைப் பாத்தும் எனக்கு விளங்கல்ல, கோச் ஒண்டும் ஏசல்ல, ஞாயிறு எல்லாத்தையும் சிவப்புப் பேனையால வட்டம் போட்டுத் தந்தார். சனிக்கிழமை ஒரு ராவுக்கு நான் ரெண்டு நாள் குடுத்திருக்கன். நீங்க உங்கட ஃபோன்லயோ கையில கட்டுற வோச்லயோ பாக்கலாம், இல்லாட்டி ரெண்டு விரலால கழுத்துல பிடிச்சு எண்ணினாலும் சரி.

ஞாயிறு வெள்ளன ஓடுற கேள்விக்கு வாறன், இதை வடிவா வாசிங்க. வேர்வையாலயும் மூச்சாலயும் சிறுநீராலயும் வெளியால போறது மதுசாரத்துல ஒரு சின்னப் பங்கு, அதிகமா வச்சாலும் பத்துல ஒண்டு. மிச்சம் எல்லாம் ஈரல் தன்ட வேகத்துலதான் முடிக்கும், மணித்தியாலத்துக்கு 8, 10 கிராம் மாதிரி. ஓடினாலும், கோப்பி குடிச்சாலும், தேசிக்காய்ப் புளி குடிச்சாலும், தலையில தண்ணி ஊத்தினாலும் அந்த வேகம் கூடாது. 99 கிராமுக்கு 10 மணித்தியாலத்துக்கு மேல வேணும். ராவு 8 மணிக்குத் தொடங்கின ஆள் விடிய 6 மணிக்கு கல்லடி பீச்சுக்கு ஓட வரேக்க இன்னும் கொஞ்சம் ரத்தத்துல நிக்குது. மோட்டச்சைக்கிள்லதான் வருவீங்க, அதையும் யோசிங்க. அந்த நேரம் உடம்புல தண்ணி இல்ல, உப்பு இல்ல, நெஞ்சு ஏற்கனவே வேகமா அடிக்குது, கச்சான் எண்ட சூட்டுக் காத்து அடிக்கிற மாசங்கள்ல விடிய ஏழு மணிக்கே வெக்கை எப்பிடி எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. குடிச்சதுக்கு அடுத்த நாள் இதயத்துடிப்பு ஒழுங்கில்லாமப் போறது டொக்டர்மாருக்கு நல்லாத் தெரிஞ்ச விஷயம், இளம் ஆக்களுக்கும் வரும். கணக்குப்படி பாத்தாலும் கட்டாது, 84 கிலோ ஆள் ஒரு கிலோமீட்டர் ஓடினா சுமாரா 84 கலோரி, 1800ஐ எரிக்க 21 கிலோமீட்டருக்கு மேல. கல்லடியில தொடங்கினா காத்தான்குடி, ஆரையம்பதி எல்லாம் தாண்டி தெற்கால ஓடிக்கொண்டே இருக்கணும். ஞாயிறு நடங்க, தண்ணி குடிங்க, இளநி குடிங்க, கஞ்சி குடிங்க. பாரம் தூக்கிறதையும் ஓட்டத்தையும் திங்களுக்கு விடுங்க.

கள்ளு பற்றி கேக்கல்ல, ஆனா "இயற்கை, சூடு தணிக்கும்" எண்டு யாராவது சொல்லுவாங்க. மரத்தால இறக்கினோடன இனிப்பு, அந்த இனிப்பு சீனி. நேரம் போகப் போக அது புளிச்சு மதுசாரமாகும், பின்னேரக் கள்ளுல மதுசாரம் பியர் அளவுக்கு வந்திடும். அதுக்கும் இதே கணக்குதான். கசிப்பைக் கிட்டவும் எடுக்காதீங்க, எத்தினை வீதம் எண்டு காய்ச்சினவனுக்கே தெரியா.

வண்டி விஷயத்துல நம்மட ஆக்களுக்கு இன்னும் ஒரு கஷ்டம் இருக்கு. தெற்காசிய ஆக்களுக்கு வெயிட் கூட முதலே வயித்துக்குள்ள, ஈரலைச் சுத்தி கொழுப்பு சேருற தன்மை கூட. அதாலதான் நமக்கு பிஎம்ஐ (உயரத்துக்கு ஏத்த வெயிட்டா எண்டு பாக்கிற கணக்கு) 23லயே கவனம் சொல்றாங்க, உங்கட உயரத்துக்கு 84 கிலோ எண்டா 29. ஆம்பிளையளுக்கு வயித்துச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்குக் கீழ இருக்கணும், பொம்பிளையளுக்கு 80. தராசை விட தையல்காரர்ட டேப் உங்களுக்கு உண்மையைச் சொல்லும். ஸ்கேன்ல ஃபெட்டி லிவர் எண்டு எழுதி வாற ஆக்கள் என்னட்ட கிழமைக்கு ஒருத்தராவது வாறாங்க, 30, 35 வயசு ஆக்கள், அவங்களுக்கு நான் சொல்ற நல்ல செய்தி ஒண்டு இருக்கு, மதுசாரத்தால வந்த ஈரல் கொழுப்பு, குடியை முழுசா விட்டா கிழமைக் கணக்குல இறங்கத் தொடங்கும், அந்தக் கட்டத்துல ஈரல் மன்னிக்கும். அதைத் தாண்டி இறுகிப் போனா மன்னிக்காது.

அப்ப என்ன செய்யிறது. என்ட மனசுல உள்ளதைச் சொன்னா, விடுங்க. உலக சுகாதார நிறுவனமே 2023 ஜனவரியில, பாதுகாப்பான அளவு எண்டு ஒண்டு இல்ல எண்டு சொல்லிட்டுது, புற்றுநோய் வர வைக்கிற சாமான்கள்ட முதலாம் பட்டியல்ல மதுசாரம் 1988ல இருந்து இருக்கு. ஆனா வாழ்நாள் முழுக்க எண்டு சொன்னா உங்களுக்கு மலைப்பா இருக்கும் எண்டும் தெரியும், அதால முதல்ல 6 கிழமை எண்டு வைங்க. மற்ற ஒண்டையும் மாத்த வேணாம், அதே சோறு, அதே ஜிம். ஞாயிறு விடிய வெறும் வயித்துல தொப்புள் மட்டத்துல டேப் வச்சு எழுதுங்க. என்னட்ட இப்பிடிச் செய்தவங்கள்ல கன பேருக்கு நாலாம் கிழமையே பெல்ட் ஒரு ஓட்டை உள்ள வந்திருக்கு.

கஷ்டம் சாராயத்தை விடுறதுல இல்ல, அந்த இடத்தை விடுறதுல. சனிக்கிழமை ஆத்தங்கரையில நாலு பேரா இருந்து கதைக்கிறது உங்களுக்குத் தேவை, கிழமை முழுக்க வேலை செய்திட்டு வாற மனுஷனுக்கு அது தேவைதான். அதை விடச் சொல்லல்ல. போங்க, சோடாவுல தேசிக்காய் பிழிஞ்சு உப்புப் போட்டு உங்கட கிளாசை நீங்களே முதல்ல நிரப்பி வைங்க, கிளாஸ் வெறுமையா இருந்தாத்தான் ஊத்துவாங்க. "டேய் ஒரு ஷொட்" எண்டு வற்புறுத்துறவனுக்கு நீளமா விளக்கம் சொல்ல நிக்காதீங்க, "டெஸ்ட் ஒண்டு எடுக்கிறன் மச்சான், ஆறு கிழமை ஏலாது" எண்டா காணும். சாப்பிட்டிட்டுப் போங்க, சோறும் மீனும் வயிறு நிறைய. இல்ல, விடவே ஏலாது எண்டா, சனிக்கிழமை ட்ரெயினிங்கை வெள்ளிக்கு மாத்துங்க, அளந்து ரெண்டு ஷொட்டோட நிப்பாட்டுங்க, கோலாக்குப் பதிலா சோடா, ஒவ்வொரு கிளாசுக்கும் நடுவுல ஒரு கிளாஸ் தண்ணி, பைட்ஸ்க்கு அவிச்ச கடலை, சுட்ட மீன், வெள்ளரிக்காய், கொத்துக் கடைப் பக்கம் போகாம நேரா வீடு. இது ரெண்டாந்தரமான வழி, ஆனாலும் 1800 எண்டது 400க்கு வந்திடும்.

ஒரு விஷயம் கட்டாயம் எழுதணும், இதை வேற ஆக்களும் வாசிப்பாங்க. ஒவ்வொரு நாளும் குடிக்கிறவங்க, விடிய கை நடுங்குறவங்க, நான் சொல்றன் எண்டு ஒரேயடியா நிப்பாட்ட வேணாம். வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க, காசு இல்லாம மருந்து தந்து படிப்படியா விட வைப்பாங்க, அதுல வெக்கப்பட ஒண்டும் இல்ல. சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கிறவங்க குடிச்சா ராவு நித்திரையிலயே சீனி விழுந்து போகலாம், வீட்டுக்காரங்க வெறி எண்டு நினைச்சு விட்டிடுவாங்க, அதால டொக்டரிட்ட கேக்காம தொடவே தொடாதீங்க. அடுத்த நாள் நாரி நோவுக்கும் தலையிடிக்கும் எண்டு நோவு மாத்திரை, பனடோல் எல்லாம் கண்டபடி விழுங்குறதும் வயித்துக்கும் ஈரலுக்கும் கூடாது.

கடைசியா அந்தப் புரோட்டீன் பவுடர். முதல்ல சாப்பாட்டைப் பாருங்க. உங்களுக்கு ஒரு நாளைக்கு 120 கிராம் புரதம் மட்டுல போதும். கடல் பக்கத்துல இருக்கிறீங்க, 200 கிராம் மீன்ல 40 கிராம் வருது, முட்டை மூண்டுல 18, ஒரு துண்டுக் கோழி, பருப்பு, ஒரு கோப்பை தயிர், பவுடர் இல்லாமலே கிட்ட வந்திடும். குறையிறதுக்கு ஒரு ஸ்கூப் எடுக்கிறதுல பிழை இல்ல. ஆனா அந்த டின் ஒண்டு வாங்குற காசையும் மாசம் நாலு சனிக்கிழமைக்கு உங்கட பங்குக்குப் போற காசையும் ஒரு துண்டுல எழுதிப் பாத்திட்டு வாங்குங்க. டேப்பால அளந்த முதல் அளவை எனக்கு எழுதுங்க தம்பி, ஆறாவது கிழமை அளவையும் எழுதுங்க, கால் ட்ரெயினிங்கை எப்பிடி மாத்துறது எண்டு அப்ப சொல்றன்.